கார் ஓடும்போது 'லொட லொட' சத்தமா? எங்கிருந்து வருகிறது, எப்போது உடனே நிறுத்த வேண்டும்? திண்டிவனம் - விழுப்புரம் சாலையை வைத்து ஒரு விளக்கம்

காரில் புதுசாக ஒரு சத்தம் கேட்டால், பெரும்பாலானோர் செய்வது இரண்டில் ஒன்று. பாட்டு சத்தத்தைக் கூட்டிவிட்டு ஓட்டுவது அல்லது பயந்துபோய் முதலில் கண்ணில் படும் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை எல்லாம் மாற்றுவது. முதலாவது உயிருக்கு ஆபத்து. இரண்டாவது பர்ஸுக்கு ஆபத்து.

காரணம், ஒரே மாதிரி 'டக் டக்' சத்தம் சில நூறு ரூபாயில் முடிகிற லிங்க் ராடாகவும் இருக்கலாம். டயர் மாற்றிய இடத்தில் சரியாக முறுக்காமல் விட்ட வீல் நட்டாகவும் இருக்கலாம். லிங்க் ராடு என்றால் நிதானமாக ஓட்டி ஊர் போய்ச் சேர்ந்து, பிறகு சரிசெய்துகொள்ளலாம். வீல் நட்டு என்றால் அடுத்த ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்று கவனிப்பதுதான் வழி. அதற்கு மெக்கானிக் படிப்பு தேவையில்லை. காதும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

திண்டிவனம் - விழுப்புரம் சாலை எதற்கு?

சென்னையில் இருந்து தென் மாவட்டங்களுக்குப் போகும் வாகனங்கள் கூடுகிற, பிரிகிற இடம் திண்டிவனம். இங்கிருந்து ஒரு சாலை புதுச்சேரிக்கும், ஒரு சாலை செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் பிரிகிறது. நேராகப் போனால் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம். தூரம் சுமார் 40 கி.மீ. பொங்கல், தீபாவளி நேரத்தில் இந்த வழியில் என்ன கூட்டம் இருக்கும் என்று ஊருக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

சென்னையில் சிக்னலுக்கு சிக்னல் நின்று ஓடிய கார், இங்கே வரும்போது ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓடியிருக்கும். நகர இரைச்சலில் கேட்காத சத்தம் வெளியே வருவது இப்படிப்பட்ட இடத்தில்தான். சத்தத்தைச் சோதித்துப் பார்க்கவும் இந்தச் சாலை வசதியானது. வழவழப்பான நான்கு வழிச்சாலை இருக்கிறது. சுங்கச்சாவடியில் வேகம் குறைத்து நிற்க வேண்டியிருக்கிறது. ஊருக்குள் இறங்கினால் பள்ளமும் வேகத்தடையும் வளைவும் இருக்கின்றன. இதே மாதிரி சாலை தமிழ்நாட்டில் எங்கும் உண்டு. உங்கள் ஊர்ச் சாலையை நினைத்துக்கொண்டே படிக்கலாம்.

முதலில் காருக்குள் தேடுங்கள்

மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பு 10 நிமிடம் செலவழித்து காரைக் காலி செய்து பாருங்கள். ஸ்பேனரே தேவைப்படாத பல சத்தங்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

* டிக்கியில் ஸ்டெப்னியைப் பிடித்திருக்கும் போல்ட், ஜாக்கி, வீல் ஸ்பேனர் ஆகியவை ஆடுகிறதா?
* சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில், குடை, பிள்ளைகளின் பொம்மை உருள்கிறதா?
* டேஷ்போர்டு பெட்டிக்குள் சாவி, சில்லறை, கண்ணாடிக் கூடு இருக்கிறதா?
* யாரும் உட்காராத சீட்டின் பெல்ட் கொக்கி, பக்கவாட்டு பிளாஸ்டிக்கில் மோதுகிறதா?
* வெளியே நம்பர் பிளேட், மட் ஃபிளாப், பம்பர் கிளிப் லூசாக இருக்கிறதா?
* காருக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் கவர் ஒரு பக்கம் கழன்று தொங்குகிறதா?
* டயர் பள்ளங்களில் கல் ஏதும் சிக்கியிருக்கிறதா?

கடைசி விஷயம் சின்னதாகத் தெரியும். ஆனால், பலரையும் ஏமாற்றுவது இதுதான். டயரில் சிக்கிய கல், சக்கரம் ஒருமுறை சுற்றும்போது ஒருமுறை 'டிக்' என்று தரையில் அடிக்கும். 14 அங்குல சக்கரம் உள்ள சிறிய கார் ஒரு சுற்றுக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். 10 கி.மீ வேகத்தில் நொடிக்கு ஒன்று அல்லது இரண்டு 'டிக்' கேட்கும். 80 கி.மீ வேகத்தில் அதே சக்கரம் நொடிக்கு 11 முறை சுற்றுவதால், 'டிக் டிக்' என்பது 'டர்ர்ர்' என மாறிவிடும். அதனால்தான் வேகமாகப் போகும்போது எதையும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. சத்தத்தைக் கண்டுபிடிக்க வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கல்லுக்குப் பதில் ஆணி இருந்தால் பிடுங்கக் கூடாது. அப்படியே மெதுவாக பஞ்சர் கடைக்குக் கொண்டுபோவதுதான் சரி.

சத்தம் எதைப் பின்தொடர்கிறது?

உள்ளே எதுவும் இல்லை, ஆனாலும் சத்தம் வருகிறது. இப்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த சத்தம் என்ஜினோடு சேர்ந்து மாறுகிறதா, சக்கரத்தோடு சேர்ந்து மாறுகிறதா, சாலையோடு சேர்ந்து மாறுகிறதா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சோதனை 1: நின்ற இடத்திலேயே

திறந்த இடத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். கார் நகராதபோதும் சத்தம் வந்தால் சக்கரம், சஸ்பென்ஷன் மீது சந்தேகப்பட வேண்டியதில்லை. பிரச்னை என்ஜின் பக்கமோ, சைலன்சர் பக்கமோ இருக்கிறது.

இதில் அடிக்கடி மாட்டுவது ஹீட் ஷீல்ட். சைலன்சர் பைப்பின் சூடு காரின் தரையைத் தாக்காமல் இருக்க வைத்திருக்கும் மெல்லிய தகடு இது. இதன் போல்ட் துருப்பிடித்து விட்டுப்போனால், என்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போது மட்டும் 'ஜிர்ர்ர்' என்று அதிரும். கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் நின்றுவிடும். தகர டப்பாவுக்குள் பட்டாணியைப் போட்டுக் குலுக்கியது போல சத்தம் இருந்தால், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் செராமிக் தேன்கூடு உடைந்திருக்கலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள் மட்டும் 'கடகட'வென்று வந்து நின்றால், ஆயில் மேலே ஏறத் தாமதமாகிறது அல்லது டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறிய பிறகு குச்சியை எடுத்துப் பார்த்தால் போதும்.

ஏ.சி-யைப் போட்டதும் சத்தம் வந்து, அணைத்ததும் போனால் கம்ப்ரசர், பெல்ட் பக்கம் பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்ததும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் சத்தம் போனால் கியர் பாக்ஸ் பேரிங் மீது சந்தேகம்.

சோதனை 2: ஒரே வேகம், வேறு கியர்

போக்குவரத்து குறைவான நேரத்தில், 50 கி.மீ வேகத்தில் நான்காவது கியரில் போகும்போது சத்தத்தைக் கவனியுங்கள். அதே 50-ல் மூன்றாவது கியருக்கு மாறுங்கள். கார் போகும் வேகம் மாறவில்லை. என்ஜின் சுற்றும் வேகம் மட்டும் கூடியிருக்கிறது. இப்போது சத்தமும் மாறினால் அது என்ஜின் பக்கம். மாறாமல் அப்படியே இருந்தால் சக்கரப் பக்கம். ஆட்டோமேட்டிக் காரில் மேனுவல் முறை இருந்தால் அதில் இதைச் செய்யலாம்.

சிலர் இதற்காக ஓடும் காரை நியூட்ரலில் போட்டுப் பார்ப்பார்கள். நெடுஞ்சாலையில் அது வேண்டாம். திடீரென ஏதாவது குறுக்கே வந்தால், என்ஜின் பிடிப்பும் இருக்காது, உடனே வேகமெடுத்து விலகவும் முடியாது.

சோதனை 3: பிரேக்கை லேசாகத் தொட்டால்

சுங்கச்சாவடியை நெருங்கும்போது எப்படியும் வேகம் குறைப்போம். அப்போது ரேடியோவை அணைத்துவிட்டுக் கவனியுங்கள்.

* வந்துகொண்டிருந்த 'லொட லொட' பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால், பிரேக் பேட் தன் இடத்தில் லூசாக ஆடுகிறது. கிளிப் தேய்ந்திருக்கலாம், போனமுறை பேட் மாற்றியபோது சரியாகப் பொருத்தாமல் விட்டிருக்கலாம்.
* பிரேக் பிடிக்கும்போது மட்டும் 'டொக்' என்று ஒருமுறை அடித்தால், லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கலாம்.
* 'கிறீச்' என்றால் பேட் தேய்ந்து முடியப்போகிறது என்ற எச்சரிக்கையாக இருக்கலாம்.
* 'கர்ர்ர்' என்று இரும்போடு இரும்பு உரசினால் பேட் முழுசாகத் தீர்ந்துவிட்டது. இது ஊர் போய்ப் பார்க்கிற விஷயம் இல்லை.

சோதனை 4: வளைவில்

நேராகப் போகும்போது வராத சத்தம், யூ டர்ன் போடும்போது மட்டும் 'கட கட கட' என்று வருகிறதா? ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது அதிகமாகிறதா? அப்படியென்றால் ஆக்சில் முனையில் இருக்கும் சி.வி. ஜாயிண்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே வந்துவிடும், மண் உள்ளே போய்விடும். பூட் கிழிந்த புதிதிலேயே பார்த்தால் ரப்பரும் கிரீஸும் மாற்றி முடிக்கலாம். சத்தம் வரும்வரை விட்டால் ஜாயிண்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்று வீல் பேரிங். இது தட்டுகிற சத்தம் இல்லை. 'ஊஊஊ' என்று வண்டு முனகுவது போல வரும், வேகம் கூடக் கூட ஏறும். சாலை வலப்பக்கம் வளையும்போது காரின் பாரம் இடப்பக்க சக்கரங்கள் மீது சாய்கிறது. அப்போது முனகல் கூடினால் இடப்பக்க பேரிங் மீது சந்தேகம். இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலப்பக்கம். ஆனால் டயர் ஒழுங்கில்லாமல் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி முனகும். டயரைக் கையால் தடவிப் பார்த்து, மேடு பள்ளமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சோதனை 5: ஒரு சக்கரம் பள்ளத்தில், இரண்டு சக்கரம் வேகத்தடையில்

இது ஊருக்குள் மெதுவாகப் போகும்போது செய்கிற சோதனை. வேகத்தடையில் நேராக ஏறி இறங்கினால் முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாக எழும்பும். ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கினால் காரின் ஒரு பக்கம் மட்டும் ஆடும்.

இரண்டு பக்க சக்கரங்களையும் இணைக்கும் ஒரு வளைந்த கம்பி, கார் வளைவில் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கம்பியை சஸ்பென்ஷனோடு சேர்ப்பதுதான் லிங்க் ராடு. இரண்டு சக்கரமும் ஒன்றாக எழும்பும்போது கம்பி முறுக்கப்படாது, லிங்க் ராடுக்கும் வேலை அதிகம் இருக்காது. ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போதுதான் கம்பி முறுக்கப்பட்டு, தேய்ந்த லிங்க் ராடு 'டக டக' என்று பேசும்.

ஆகவே பள்ளத்தில் மட்டும் சத்தம், வேகத்தடையில் அவ்வளவாக இல்லை என்றால் முதலில் லிங்க் ராடையும் அதன் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லலாம். இரண்டிலும் 'தொப்' என்று அடித்தால் ஷாக் அப்சார்பர், அதன் மேல் மவுண்டிங் பக்கம் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை இப்படி அப்படித் திருப்பும்போது 'டொக்' என்றால் ஸ்ட்ரட் மவுண்டிங், டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட் என்று மூன்றையும் பார்க்க வேண்டும். இதில் பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் இரண்டும் தள்ளிப்போடக் கூடாதவை. கழன்றால் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது.

எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

காருக்குள் சத்தம் ஏமாற்றும். பின்சக்கரத்தில் வரும் சத்தம் டேஷ்போர்டில் கேட்பது போலத் தோன்றும். உடம்பு முழுக்க இரும்பு என்பதால் அதிர்வு எங்கும் பரவுகிறது.

ஒரு பக்கமாக மதில் சுவர் இருக்கும் தெருவில், கண்ணாடியை இறக்கிவிட்டு 20 கி.மீ வேகத்தில் சுவரை ஒட்டிப் போங்கள். அந்தப் பக்கத்து சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி, தெளிவாகக் கேட்கும். திரும்பி வரும்போது மறுபக்கத்தைக் கேட்கலாம். கூட ஒருவர் இருந்தால் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்பது இன்னும் நல்லது. ஓட்டிக்கொண்டே காதையும் கவனத்தையும் சத்தத்தில் வைத்தால் கண் சாலையை விட்டுவிடும். செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்வதும் பக்கத்து சீட்டில் இருப்பவர் வேலை.

இந்த சத்தம் வந்தால் யோசிக்காமல் நிறுத்துங்கள்

மேலே சொன்ன சோதனை எல்லாம், கார் ஓட்டும் நிலையில் இருக்கும்போது செய்ய வேண்டியவை. கீழே இருப்பவற்றுக்குச் சோதனையே கிடையாது.

* டயர் கழற்றி மாட்டிய பிறகு ஒரே தாளத்தில் 'டொக் டொக்' சத்தம், கூடவே ஸ்டியரிங் அல்லது சீட்டில் ஆட்டம். வீல் நட்டு லூசாகியிருக்கலாம்.
* என்ஜினுக்குள் சுத்தியலால் அடிப்பது போல 'கடக் கடக்' சத்தம், அல்லது மீட்டரில் சிவப்பு நிற ஆயில் விளக்கு. பாதுகாப்பாக ஓரம் கட்டி என்ஜினை உடனே அணைக்க வேண்டும். ஆயில் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் என்ஜினைத் தின்கிறது.
* பிரேக் பிடிக்கும்போது இரும்பு உரசும் சத்தம், அல்லது பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவது.
* 'டொக்' சத்தத்தோடு ஸ்டியரிங் திடீரெனத் தளர்வது, கார் ஒரு பக்கம் இழுப்பது.
* தரையில் ஏதோ இழுபடும் சத்தம். சைலன்சர் கழன்று தொங்கலாம். பின்னால் வரும் பைக்காரர் மீது விழுந்தால் அவர் உயிருக்கே ஆபத்து.
* முனகிக்கொண்டிருந்த பேரிங் 'கர கர' என அரைக்க ஆரம்பித்து, அந்த சக்கரத்தின் பக்கம் சூடும் தீய்ந்த வாடையும் வருவது.

வீல் நட்டு பற்றி ஒரு விஷயம். பஞ்சர் போட்டாலும், டயர் மாற்றினாலும், பிரேக் வேலை பார்த்தாலும், 50 முதல் 100 கி.மீ ஓடிய பிறகு எல்லா நட்டையும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்லது. வரிசையாக இல்லாமல், எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கார் கையேட்டில் அது இருக்கும். சென்னையில் பஞ்சர் போட்டுக்கொண்டு கிளம்பினால், திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது இதைப் பார்த்துவிடலாம். இரண்டு நிமிட வேலை.

நெடுஞ்சாலையில் எப்படி நிறுத்துவது?

80 கி.மீ வேகத்தில் ஒரு கார் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் நிற்கப்போவது தெரிய வேண்டும். இண்டிகேட்டர் போட்டு, படிப்படியாக வேகம் குறைத்து, இடது ஓரத்துக்கு வாருங்கள். சர்வீஸ் ரோடு, பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி ஏதாவது கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்து, காரும் மெதுவாகப் போகும் நிலையில் இருந்தால் அங்கே போய் நிறுத்துவது நல்லது. வளைவிலும் மேம்பாலத்தின் மேலும் நிறுத்த வேண்டாம்.

நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையை விட்டுத் தள்ளி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். காரோடு வரும் சிவப்பு முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். காருக்குள் உட்கார்ந்து காத்திருப்பதும், காருக்குப் பின்னால் நின்று பேசுவதும்தான் பெரிய ஆபத்து. ஜாக்கியில் தூக்கிய காருக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்ப்பது கூடவே கூடாது.

தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். எந்த ஊரைத் தாண்டியிருக்கிறீர்கள், எந்தப் பக்கம் போகும் பாதை, ஓரத்தில் உள்ள கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று சொன்னால் சீக்கிரம் வந்து சேர்வார்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.

வெள்ளத்தில் போன காருக்குத் தனிக் கவனம்

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள் மறக்க முடியாதது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே அது கரையைக் கடந்தபோது, மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழை கொட்டியது. தென்பெண்ணை ஆற்று வெள்ளம் அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே பாய்ந்ததால் டிசம்பர் 2-ம் தேதி போக்குவரத்து நின்றது. தெருவில் நின்ற கார்களும், தண்ணீரில் ஓட்டிப் பார்த்த கார்களும் ஏராளம்.

இப்படி மூழ்கிய காரில் சத்தம் உடனே வராது, சில வாரங்கள் கழித்து வரும். பேரிங்குக்குள் போன சேற்றுத் தண்ணீர் கிரீஸைக் கெடுக்கும். பிரேக் டிரம்மிலும் காலிப்பர் பின்னிலும் துரு பிடிக்கும். ஹீட் ஷீல்ட் போல்ட் அரித்துப்போகும்.

இதைவிட மோசம், ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் என்ஜினுக்குள் போவது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால்தான் தண்ணீரில் நின்றுபோன காரைத் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது என்கிறார்கள். தள்ளி வெளியே எடுத்து, டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். இன்சூரன்ஸில் என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுக்காவிட்டால், இந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஓட்டிப் பார்க்கும்போது மேலே சொன்ன ஐந்து சோதனையையும் செய்துவிட்டு, தரை மேட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் கம்பியில் துருவும், பெல்ட்டை முழுசாக இழுத்தால் அடியில் சேற்றுக் கறையும் இருந்தால் கதை புரிந்துவிடும்.

கம்பெனி தவறாக இருந்தால்?

எல்லா சத்தமும் தேய்மானத்தால் வருவதில்லை. சில நேரம் பாகமே குறைபாட்டோடு வந்திருக்கலாம். 2023 ஜூலையில் மாருதி சுசுகி நிறுவனம் எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ ஆகிய இரண்டு மாடல்களில் 87,599 வாகனங்களைத் திரும்ப அழைத்தது. 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானவை அவை. ஸ்டியரிங் டை ராடின் ஒரு பாகத்தில் குறை இருக்கலாம், அது அரிதாக உடைந்தால் காரைத் திருப்புவதே பாதிக்கப்படலாம் என்பதுதான் காரணம். இப்படித் திரும்ப அழைக்கும்போது பாகத்தை இலவசமாக மாற்றித் தருவார்கள்.

2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. உங்கள் காருக்கு இப்படி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று கம்பெனி இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். காசு கொடுத்து ஸ்டியரிங் வேலை பார்ப்பதற்கு முன்பு இதைச் செய்வது நல்லது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். அறிவிப்புக் கடிதம் பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

"அண்ணே, வண்டில ஏதோ சத்தம் வருது, என்னன்னு பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருவதுதான் நம் வழக்கம். ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் காரில் அந்த சத்தம் வராது. மெக்கானிக் ஊகித்துத்தான் ஒவ்வொன்றாக மாற்ற முடியும். "சார், சஸ்பென்ஷன் ஃபுல்லா பாத்துரலாம்" என்பதில் போய் முடியும்.

அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அண்ணே, முன்னாடி இடது பக்கம் டக்கு டக்குன்னு வருது. 20, 30 வேகத்துல, ஒரு வீல் மட்டும் பள்ளத்துல எறங்கும்போதுதான். ஸ்பீட் பிரேக்கர்ல வரல. பிரேக் புடிச்சாலும் மாறல. ரெண்டு வாரமா இருக்கு. போன மாசம்தான் டயர் மாத்துனேன்."

இதைக் கேட்ட மெக்கானிக் நேராக லிங்க் ராடில் கை வைப்பார். எங்கே, எந்த வேகத்தில், எந்தச் சாலையில், எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் நிற்கிறது, எப்போதிலிருந்து, அதற்கு முன்பு என்ன வேலை பார்த்தது. இவ்வளவையும் செல்போனில் குறித்துக்கொண்டு போனால் போதும். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தம் வரும் அந்த ரோட்டிலேயே ஒரு ரவுண்டு போய்வாருங்கள்.

பாகத்தை மாற்றும் முன்பு, காரை லிஃப்டில் தூக்கி அல்லது பிட்டில் நிறுத்தி, எது ஆடுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். தேய்ந்த பால் ஜாயிண்டையும் புஷ்ஷையும் கம்பியால் நெம்பினால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் போன்றவற்றை மாற்றினால் வீல் அலைன்மென்ட் செய்ய மறக்க வேண்டாம். இல்லையென்றால் புது டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

ஊருக்குப் போகிற நாளில் காலை 5 மணிக்கு இதையெல்லாம் பார்க்க நேரம் இருக்காது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, பாட்டும் ஏ.சி-யும் இல்லாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு உங்கள் ஏரியாவைச் சும்மா ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கார் என்ன சொல்கிறது என்று அப்போது காதில் விழும்.